கியூஇடி முடிவைப் பார்த்துப் பதற வேண்டாம்

வணக்கம் அக்கா. சிபிஎஸ்இ ஆங்கிலத்தில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய மகளை, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் (என்யுஎஸ்) கியூஇடி என்ற ஆங்கிலத் தகுதித் தேர்வு முடிந்ததும் இஎஸ்1103 என்ற கல்விசார் ஆங்கில வகுப்பை எடுக்கச் சொல்லிவிட்டார்கள், முறையிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

வேண்டாம் என்பேன். கியூஇடி இலக்கணத்தை மட்டும் பார்ப்பதில்லை, கட்டுரையில் வாதத்தை எப்படிக் கட்டுகிறாள் என்றும் பார்க்கிறது. ஊரில் ‘கல்வியின் நன்மைகள்’ என்று ஐந்து பத்தி அழகாக எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். இங்கே தன் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லி, படித்த இரண்டு கட்டுரைகளை மோதவிட்டு, எது யார் சொன்னது என்றும் காட்ட வேண்டும். அந்தப் பழக்கத்துக்குத்தான் இஎஸ்1103. அதற்கும் கீழ்ப்படி இஎஸ்1000. அங்கே வைக்கப்பட்டால் இரண்டையும் முடிக்க வேண்டும். அந்த வகையில் மகள் தப்பித்தாள்!

அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் எந்த எழுத்து வகுப்பில் சேர்வது என்பதை மாணவரிடமே விட்டுவிடுகின்றன. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பதினெட்டு வயதில் யார் தன்னைக் கீழே வைத்துக்கொள்வார்?

சரி, இப்போது செய்ய வேண்டியது: முதல் செமஸ்டரிலேயே இஎஸ்1103-ஐ எடுத்து முடிக்கச் சொல்லுங்கள். அப்புறம், ஆசிரியர் திருத்திக் கொடுக்கும் வரைவுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கட்டும். மற்றப் பாடக் கட்டுரைகளுக்கும் அவை உதவும்.