வாளும் வாரிசும்

அன்புள்ள ஐயா,

மூன்று ஆண்டுகளாக ஒரு மிகைபுனைவு நாவல் எழுதிவருகிறேன். ஒரு மலைநாடு. அரசர் இறந்துவிடுகிறார். அவருடைய மகள், இளைய மனைவியின் மகன், அரசரின் தம்பி என்று மூன்று பேர் அரியணைக்கு உரிமை கோருகிறார்கள். நான் எழுதி வைத்திருக்கும் சட்டப்படி முதலில் மகன், பிறகு தம்பி, அதன் பின்புதான் மகள். இந்தச் சட்டம் மட்டும் 14 பக்கங்கள் இருக்கிறது. கூடவே, உண்மையான வாரிசின் கையில் மட்டும் ஒளிரும் வாள் ஒன்றும் உண்டு. ஒரு கிழவர் பௌர்ணமிதோறும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அதற்கு எண்ணெய் பூசித் துடைத்து வைப்பார். கடைசி அத்தியாயத்தில் அது மகளின் கையில் ஒளிர வேண்டும் என்பது என் ஆசை. படித்துப் பார்த்த தோழி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "வாள்தான் சொல்லிவிடுமே, பிறகு எதற்கு இவர்கள் 400 பக்கம் சண்டை போடுகிறார்கள்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சட்டத்தை எடுத்துவிடுவதா, வாளை எடுத்துவிடுவதா?

க.

அன்புள்ள க.,

இரண்டையும் எடுக்க வேண்டாம். உங்கள் தோழி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். 'அடுத்து யார்?' என்ற ஒரே கேள்விக்குச் சட்டமும் பதில் சொல்கிறது, வாளும் பதில் சொல்கிறது. அப்படி இருந்தால் வலுவுள்ள பதில்தான் நிற்கும். ஒளிரும் வாளுக்கு எதிரே 14 பக்கச் சட்டம் எடுபடாது. ஆகவே இரண்டுக்கும் வேறு வேறு வேலை கொடுங்கள்.

முதலில் சட்டம். வாரிசுரிமை விதிகள் பெரும்பாலும் யாரோ அமைதியாக உட்கார்ந்து யோசித்து எழுதியவை அல்ல. ஒரு சாவு, ஓர் அவசரம், யாருக்கோ ஓர் அநியாயம், பிறகு அதை நியாயப்படுத்த ஒரு விதி. பிரான்சைப் பாருங்கள். 1316இல் பத்தாம் லூயி இறந்தபோது அவருக்கு நான்கு வயதில் ஜோன் என்று ஒரு மகள் இருந்தாள். அரசி கருவுற்றிருந்தார். நவம்பரில் பிறந்த ஆண் குழந்தை ஐந்தே நாள் உயிரோடிருந்தது. அதுவரை ஆட்சியைக் கவனித்துவந்த லூயியின் தம்பி பிலிப், அண்ணன் மகளுக்கு வழிவிடவில்லை. 1317 ஜனவரியில் தானே முடிசூட்டிக்கொண்டார். பிரான்சின் அரியணையில் பெண் ஏற முடியாது என்று ஓர் அவை கூடி அறிவித்தது அடுத்த மாதம்தான். முடி முதலில் தலைக்கு வந்தது, விதி பிறகு வந்தது.

அதோடு முடியவில்லை. 1322இல் பிலிப் இறந்தபோது அவருக்கும் மகள்கள் மட்டுமே இருந்தார்கள். அண்ணன் மகளைத் தள்ளிவைத்த விதி இப்போது அவருடைய சொந்த மகள்களைத் தள்ளிவைத்தது. அரியணை தம்பி சார்லஸுக்குப் போயிற்று. 'சாலிக் சட்டம்' என்ற பழைய ஏட்டைத் தேடி எடுத்து இதற்கெல்லாம் ஆதாரம் காட்டியது இன்னும் பிந்திய காலம். அந்த நான்கு வயதுச் சிறுமியை என்னால் மறக்க முடிவதில்லை. உங்கள் மலைநாட்டில் மகள் ஏன் சிற்றப்பாவுக்கும் பின்னால் நிற்கிறாள்? முதன்முதலில் எந்தச் சிறுமியை எந்தச் சிற்றப்பா தள்ளிவிட்டார்? 14 பக்கங்களும் உங்கள் குறிப்பேட்டிலேயே இருக்கட்டும். அந்த ஒரு நாளின் கதை நாவலுக்குள் வந்தால் போதும்.

இனி வாள். ஒரு பொருள் அரசனைத் தீர்மானிக்க அது ஒளிரக்கூட வேண்டியதில்லை. இடைக்கால ஹங்கேரியில் ஒருவர் அரசராக வேண்டுமென்றால் எஸ்டெர்கோம் பேராயர் கையால், சேக்கஷ்ஃபெஹேர்வார் நகரில், புனித மணிமுடியைச் சூட வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் குறைதான். முதலாம் சார்லஸ் 1301இல் கிடைத்த வேறொரு முடியைச் சூடிக்கொண்டார். அது செல்லவில்லை. 1309இல் புது முடி ஒன்றைச் செய்து, போப்பின் தூதர் அதைப் புனிதப்படுத்தி, மறுபடியும் சூட்டினார்கள். அதையும் முழுமையாக ஏற்றுக்கொள்ள ஆளில்லை. அசல் முடி அப்போது திரான்சில்வேனியாவின் ஆளுநர் லாடிஸ்லாஸ் கானின் பிடியில் இருந்தது. அதை அவரிடமிருந்து பெற்ற பிறகு, 1310 ஆகஸ்டில், மூன்றாம் முறையாகச் சூட்டியபோதுதான் நாடு சார்லஸைத் தயக்கமின்றி அரசர் என்றது.

மூன்று முறையும் தலை ஒன்றுதான், உரிமையும் ஒன்றுதான். போப்பின் ஆசியால்கூட இன்னொரு முடியை அதற்கு ஈடாக்க முடியவில்லை. அந்த நாள்களில் லாடிஸ்லாஸ் கானின் கோட்டையில் முடி இருந்த அறையின் சாவி யாருடைய இடுப்பில் தொங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அங்கே ஒரு முழு நாவல் தெரிகிறது.

நம் வரலாற்றிலும் இது உண்டு. பராந்தக சோழனிடம் தோற்ற பாண்டியன் இராசசிம்மன் தன் குலத்தின் முடியையும் இந்திர ஆரத்தையும் ஈழத்தில் விட்டுச்சென்றான். மதுரையே கைக்கு வந்த பிறகும் பராந்தகன் அவற்றைக் கேட்டுப் பார்த்தான், படை அனுப்பியும் பார்த்தான், கிடைக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து இராசேந்திர சோழன் கொண்டுவந்தான். 'சுந்தர முடியும் இந்திரன் ஆரமும்' என்று அவன் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டுகளில் வரும் புகழ்ப்பாட்டு, அவற்றைப் பெயர் சொல்லியே எண்ணுகிறது.

உங்கள் வாளுக்கு நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். அது வாரிசைச் சொல்ல வேண்டாம், குருதியை மட்டும் சொல்லட்டும். அந்தக் குலத்தில் பிறந்த எவர் கையிலும் ஒளிரட்டும். ஆனால் யார் முதலில் தொடலாம் என்பதைச் சட்டம் தீர்மானிக்கட்டும். முதல் ஆளின் கையில் ஒளி வந்ததும் சடங்கு முடிந்துவிடும், வாள் உறைக்குள் போய்விடும். மூன்றாம் இடத்தில் நிற்கும் பெண்ணுக்கு முறை வரவே வராது. இப்படியே பல தலைமுறை போனால் என்ன ஆகும்? பெண் கையில் வாள் ஒளிராது என்று நாடு முழுவதும் நம்பும். யாரும் அதைச் சோதித்திருக்க மாட்டார்கள். அவளேகூட அதை நம்பித்தான் வளர்ந்திருப்பாள்.

இப்போது உங்கள் கடைசி அத்தியாயத்தை எண்ணிப் பாருங்கள். அவள் கையில் வாள் ஒளிர்கிறது. அதனால் அரியணை அவளுக்கு வந்துவிடாது. "என் கையிலும்தான் ஒளிரும்" என்பார் சிற்றப்பா, அதுவும் உண்மை. ஆனால் அத்தனை காலம் சொல்லிவந்த காரணம் எல்லோர் கண்ணெதிரிலும் உடைந்துவிட்டது. 400 பக்கச் சண்டைக்கு இது தாங்கும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். வாள் குருதியைத்தான் அறியும் என்பதை முதல் நூறு பக்கங்களுக்குள் எங்காவது சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால் வாசகர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார், அவர் நினைப்பது சரிதான்.

கிழவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புறநானூற்றின் 50ஆம் பாடலில் மோசிகீரனார், முரசு வைக்கும் கட்டில் என்று அறியாமல் அதில் ஏறித் தூங்கிவிடுகிறார். முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்த நேரம். கட்டிலின் மேல் எண்ணெய் நுரையை முகந்து வைத்தாற்போல் மெல்லிய பூக்கள். வாளால் வெட்ட வேண்டிய குற்றம் அது. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வெட்டவில்லை, விசிறி எடுத்து வீசினான். அந்தக் கட்டில் எவ்வளவு புனிதமானது என்பது, தொடக்கூடாத ஒருவர் அதில் படுத்திருக்கும்போதுதான் நமக்கு உறைக்கிறது.

உங்கள் கிழவரும் தொடக்கூடாதவர்தான், ஆனால் மாதம் தவறாமல் தொடுகிறார். கையில் துணியைச் சுற்றிக்கொள்வது வாளுக்குக் காட்டும் மரியாதையா, தன்னை மறைத்துக்கொள்ளவா? கடிதத்தில் அதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். இதுவரை எத்தனை பௌர்ணமிகள் துடைத்திருப்பார் என்று கணக்குப் போடுங்கள். ஒரு பௌர்ணமியன்று அந்தத் துணி நழுவட்டும். அந்த அத்தியாயத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.