நாற்பது வயதில் முதல்முறையாக செஸ் போட்டிக்குப் போனால் சின்னப் பிள்ளைகளிடம் தோற்று அவமானப்பட வேண்டியிருக்குமா?

தோற்பீர்கள், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் 'அவமானம்' என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். ஆன்லைனில் சுமாராக ஆடுவீர்கள், எதிரே ஆள் உட்கார்ந்து ஆடிப் பழக்கமில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

பிள்ளைகள் கைகொடுத்துவிட்டு அடுத்த நிமிடம் விளையாட ஓடிவிடுவார்கள். வம்பு வந்தால் அரங்குக்கு வெளியே நிற்கும் பெற்றோரிடமிருந்துதான் வரும்.

ஒரு ஓபன் போட்டியில் எனக்கு எதிரே பத்து வயது மதிக்கத்தக்க பையன். யானைகள் மிஞ்சிய எண்ட்கேம் (ஆட்டத்தின் கடைசிக் கட்டம்), அவனுக்கு இரண்டு சிப்பாய் அதிகம். தோற்கிற நிலைதான், மறுக்கவில்லை. ஆனால் அவன் கடிகாரத்தில் நேரம் இல்லை. மூவுக்கு 30 நொடி சேரும் என்பதால், நேரம் சேர்க்க ராஜாவை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தான். நான் யானையால் செக் வைத்துக்கொண்டே இருந்தேன். பலகையில் ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம் என்பது விதி. இரண்டு முறை வந்ததும் உஷாராகி வேறு பக்கம் போனான். அப்புறம் சுற்றிவிட்டு அங்கேயே திரும்பி வந்தான். நடுவில் வேறு மூவ் ஆடியதால் கணக்கு அழிந்துவிட்டது என்று நினைத்தான் போல. அழியாது. அதே நிலை, அதே ஆளின் முறை, மூன்று தடவை. அடுத்தடுத்து வர வேண்டும் என்றில்லை.

அந்த நிலையை மூன்றாம் முறை கொண்டுவரும் செக்கை நான் பலகையில் ஆடவில்லை. மூவ்களைக் குறிக்கும் தாளான ஸ்கோர்ஷீட்டில் அதை எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரைக் கூப்பிட்டேன். காயைத் தொட்டிருந்தால் அந்த மூவில் டிரா கேட்கும் உரிமை போயிருக்கும். கோரிக்கை தப்பாக இருந்தால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். நடுவர் ஆட்டத்தை வைத்துப் பார்த்து டிரா என்றார். பையன் அழவில்லை, எந்தெந்த மூவில் மூன்று முறை வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டான்.

வெளியே அவன் அப்பாதான், "குழந்தையிடம் சட்டம் பேசி அரைப் புள்ளி வாங்கிட்டார்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். 'பெரியவராக விட்டுக்கொடுத்திருக்கலாமே' என்று இங்கே எழுத வருபவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: என் நேரம் தீர்ந்திருந்தால் அந்தப் பையன் கடிகாரத்தைக் காட்டியிருப்பான், காட்டவும் வேண்டும். வயதைப் பார்த்துப் பாவப்படுவதுதான் அவனுக்கு அவமரியாதை.

இன்னொரு ஆதங்கம், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். 18 வயதுவரை, ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) 2300க்குக் கீழே இருந்தால், உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் கணக்கில் பிள்ளைகளுக்கு கே எண் 40; ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கும். முதல் 30 ஆட்டம் தாண்டிய என்னைப் போன்றவர்களுக்கு 20. சம ரேட்டிங்கில் ஆடித் தோற்றால் எனக்கு 10 போகும், அவனுக்கு 20 ஏறும். வேகமாக வளர்கிறவனுக்கு வேகமாக ஏறட்டும், நியாயம்தான். ஆனாலும் அவன் ரேட்டிங் அவன் ஆட்டத்தை எட்டிப் பிடிக்கும்வரை, வழியில் புள்ளி இழப்பவர்கள் நாங்கள்தானே? 2024 மார்ச்சில் 2000க்குக் கீழே இருந்தவர்களுக்கு ஏற்றிக் கொடுத்தார்கள், கீழ்வரம்பையும் 1400 ஆக்கினார்கள். எனக்கும் ஏறியது. அதன் பிறகும் அதே கதைதான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் போட்டியாக 90 நிமிடமும் மூவுக்கு 30 நொடியும் தருவதைத் தேர்ந்தெடுங்கள். குறைந்த நேரத்தில் ஆடும் ரேபிட் இப்போது வேண்டாம். அங்கே மூவ் எழுதும் கட்டாயம் இல்லை. மூன்று முறை வந்தது என்று நீங்கள் சொன்னால், காட்டுவதற்குக் கையில் தாள் இருக்காது.