மெக்காயை இப்படியா வழியனுப்புவது?

பட்டர்வொர்த் வாசகி ஒருவர்: ‘லா அண்ட் ஆர்டர்’ என்ற அமெரிக்க டிவி தொடரில் அரசு வக்கீல் ஜாக் மெக்காய் விடைபெறும் பகுதியை இப்போதுதான் பார்த்தேன். இத்தனை வருஷம் பார்த்த மனிதரை அவசர அவசரமாக அனுப்பிவிட்டார்களே என்று மனசு ஆறவில்லை. என் மகனோ ‘நல்லாத்தானே இருந்துச்சு’ என்கிறான். நீங்கள் யார் பக்கம்?

பதில்: உங்கள் பக்கம்தான் அம்மா. ஆனால் அவசரம்கூட எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் வந்த பகுதி அது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஓர் இளம்பெண் கொலை. கோடீஸ்வரத் தொழிலதிபர் ஒருவர் மாட்டுகிறார். வழக்கு நிற்க வேண்டுமானால் மேயரின் மகன் சாட்சி சொல்ல வேண்டும். மெக்காய் இப்போது தலைமை அரசு வக்கீல், அங்கே அது தேர்தலில் நின்று ஜெயிக்க வேண்டிய பதவி. ‘என் பிள்ளையை இழுத்தால் தேர்தலில் உன் எதிராளி பக்கம் நிற்பேன்’ என்று மேயர் மிரட்டுகிறார். மெக்காய் மசியவில்லை. உதவியாளரை ஒதுக்கிவிட்டுத் தானே கோர்ட்டில் இறங்கி ஜெயிக்கிறார். அப்புறம் பதவி விலகுகிறார். காலியான இடத்துக்குக் கவர்னர் ஒரு நேர்மையான ஆளைப் போடட்டும் என்பது அவர் கணக்கு.

உங்கள் மகன் இதில்தான் மயங்கியிருப்பார். அவர் பழைய மெக்காயைப் பார்த்திருக்க மாட்டார். 1994-இல் சாம் வாட்டர்ஸ்டன் அந்த வேஷத்தில் வந்தபோது மெக்காய் ஒன்றும் உத்தமர் இல்லை. ஜெயிக்க வேண்டும் என்றால் சட்டத்தை ஓரம்வரை இழுத்துப் பார்க்கிற ஆள். அவருடைய உதவியாளர் கிளேர் கின்கெய்டு, போதையில் வண்டி ஓட்டியவன் மோதிச் செத்துப்போகிறார். பிறகு ஒரு குடிபோதை விபத்து வழக்கு வருகிறது. மனுஷன் அதைக் கொலை வழக்காகவே ஆக்கி, தன் தரப்பைக் கெடுக்கக்கூடிய சாட்சியை எதிர்த்தரப்பு கண்ணில் படாமல் வைக்கவும் துணிகிறார். அன்று அவர் தோற்க வேண்டும் என்று நானே வேண்டிக்கொண்டேன். அவரைப் பிடித்தும் இருந்தது. அந்தக் குழப்பத்துக்காகத்தானே வேலை முடிந்து வந்து டிவி முன்னால் உட்கார்ந்தோம்?

கடைசிப் பகுதியில் அந்த ஆளே இல்லை. கறை எல்லாம் துடைத்து, மாலை போட்டு, சிலையாக்கி நிறுத்திவிட்டார்கள். எதிரில் இருப்பவன் பணக்காரன், அதிகார பலமும் அவன் பக்கம். அவனை யாருக்குப் பிடிக்கும்? அவனுடைய வக்கீல் சொன்ன வாதம் ஒன்றாவது உங்கள் நினைவில் நிற்கிறதா? எனக்கு இல்லை. ‘ஐயோ, இவர் சொல்வதும் நியாயமாக இருக்கிறதே’ என்று ஒரு நிமிஷமாவது தோன்றாவிட்டால் அது கோர்ட் கதையே இல்லை, பாராட்டு விழா.

மேயரின் மிரட்டலையும் வீணடித்தார்கள். நல்ல சிக்கல் அது. பதவி வேண்டும், வழக்கும் வேண்டும் என்று ஒரு மனிதன் இரண்டு பக்கமும் இழுபட்டிருந்தால் பார்க்க எப்படி இருந்திருக்கும்! ராஜினாமா என்று ஒரே வீச்சில் முடிச்சை வெட்டிவிட்டார்கள்.

அந்த முடிவுரைப் பேச்சு மட்டும் அருமை. குரல் தளர்ந்திருக்கிறது, பிடி தளரவில்லை. நான் பினாங்கு லைட் ஸ்ட்ரீட் கோர்ட்டுக்குக் கோப்பு தூக்கிய குமாஸ்தா. நம் ஊரில் யாராவது அப்படி உணர்ச்சி பொங்கப் பேசினால், யாங் ஆரிஃப் (நீதிபதிதான்) பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘எழுத்தில் கொடுங்கள்’ என்பார்.

செந்தூல் வாசகர்: அந்தத் தொடரில் வருவதுபோல ஜூரி நம் மலேசியாவிலும் இருந்ததா?

பதில்: இருந்தது. மரண தண்டனை வழக்குகளில் பொதுமக்களில் ஏழு பேர் உட்கார்ந்து கேட்டுத் தீர்ப்பு சொல்வார்கள். 1995 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டார்கள். பத்து தாலாம் சட்டமன்ற உறுப்பினர் மஸ்லான் இட்ரிஸ் 1993-இல் கொல்லப்பட்டாரே, அந்த மந்திரவாதி மோனா ஃபாண்டே வழக்கைத் தெமெர்லோவில் ஜூரிதான் கேட்டது. நன்றாகப் பேசுகிற வக்கீல்களுக்கு அது பொற்காலம்.

பிறை வாசகர்: தொடர்களில் போலீஸ் அறையிலேயே ‘நான்தான் செய்தேன்’ என்று அழுதுவிடுகிறார்கள். இங்கே அது செல்லுமா?

பதில்: பெரும்பாலும் செல்லாது. 2007-இல் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணையில் போலீசிடம் சொன்னதை அரசுத் தரப்பு பொதுவாகச் சாட்சியமாக வைக்க முடியாது. போதைப்பொருள் சட்டம் போன்ற சிலவற்றில் விதிவிலக்கு உண்டு. கத்தியை எங்கே புதைத்தேன் என்று சொல்லி, போலீஸ் போய்த் தோண்டி எடுத்தால், அந்த அளவுக்கு அவர் சொன்னது செல்லும். அழுவது மட்டும் போதாது.

ஈப்போ ரோடு வாசகி: புதிதாகப் பார்க்கப் போகிறேன். எங்கே தொடங்கட்டும்?

பதில்: 1990-இலிருந்து வரிசையாகப் பார்க்கத் தேவையில்லை. ஒவ்வொரு பகுதியும் பெரும்பாலும் தனிக் கதைதான். முன்பாதி போலீஸ், பின்பாதி கோர்ட். மெக்காய் வந்த 1994-இல் தொடங்குங்கள். துப்பறிவாளர் லென்னி பிரிஸ்கோவாக ஜெர்ரி ஆர்பாக் அப்போது இருக்கிறார், 2004 வரை. பிணத்தின் பக்கத்தில் நின்று அவர் அடிக்கிற குத்தல் ஜோக் பிடிக்கவில்லை என்றால் என்னைத் திட்டி எழுதுங்கள். கையெழுத்து மட்டும் புரிகிறமாதிரி இருக்கட்டும்.