பிஎச்பி கன்ஸ்ட்ரக்டர்: கேள்வி பதில்

ஹட்டன்: அக்கா, தேயிலைக் கொழுந்து நிறுவை பதிய பிஎச்பி மொழியில் எழுதிய பழைய புரோகிராம் ஒன்று. சர்வரை பிஎச்பி 8க்கு மாற்றியதிலிருந்து பெயர், கிலோ எல்லாம் வெறுமையாக வருகிறது. எரரும் இல்லை.

கிளாஸின் (ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்கும் அச்சு) பெயரிலேயே உள்ளே ஒரு ஃபங்ஷன் இருக்கிறதா பாருங்கள் தம்பி. பிஎச்பி 4இல் அதுதான் கன்ஸ்ட்ரக்டர், அதாவது புது ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடும் ஃபங்ஷன். 2004இல் வந்த 5 அதற்குத் தனிப் பெயர் வைத்தது: இரண்டு அண்டர்ஸ்கோர், ஒட்டினாற்போல் ‘கன்ஸ்ட்ரக்ட்’. பழைய பெயர் 7 வரை தாக்குப்பிடித்தது, கடைசியில் எச்சரிக்கையோடு. 2020இல் வந்த 8 அதைச் சாதாரண ஃபங்ஷனாகத்தான் பார்க்கிறது. நியூ போட்டு ஆப்ஜெக்ட் உருவாக்கினால் அது தானாக ஓடாது. கன்ஸ்ட்ரக்டரே இல்லாத கிளாஸுக்கு நீங்கள் அனுப்பும் மதிப்புகளை பிஎச்பி சத்தமில்லாமல் விட்டுவிடும். எரர் வராததற்குக் காரணம் அதுதான்.

பெயரை மாற்றுங்கள். சைல்டு கிளாஸ் (இந்தக் கிளாஸை, அதாவது பேரன்டை, வைத்து எழுதியது) எதுவும் பழைய பெயரில் கூப்பிட்டால் அதையும் மாற்ற வேண்டும். அப்படியே ப்ராபர்ட்டிகளுக்கு (ஆப்ஜெக்ட் வைத்திருக்கும் பெயர், கிலோ போன்றவை) டைப், அதாவது எண்ணா எழுத்தா என்று, எழுதிவிடுங்கள். மதிப்பு வைக்காமல் படித்தால் உடனே எரர் வரும்.

பண்டாரவளை: நியூ போட்டுவிட்டு மதிப்புகளை ஒவ்வொன்றாக வைத்தால் போதாதா?

ஓடும். ஆனால் செக்ரோல் நம்பரை (தொழிலாளியின் பதிவு எண்) வைக்க யாராவது ஒருநாள் மறப்பார். அந்தக் கிலோ யார் பேரில் விழும்? சம்பள நாளில்தான் தெரியவரும். நம்பரையும் கிலோவையும் கன்ஸ்ட்ரக்டரில் கட்டாயமாகக் கேளுங்கள். ஒன்று குறைந்தாலும் 7.1 முதல் அங்கேயே எரர். கிலோ மைனஸில் வந்தால் எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) எறியுங்கள். ஆப்ஜெக்ட் கைக்கே வராது.

தலவாக்கலை: ப்ராபர்ட்டியாக, கன்ஸ்ட்ரக்டரின் அடைப்புக்குறிக்குள், மதிப்பு ஏற்றும் வரியில் என ஒரே பெயரை மூன்று தடவை எழுதுவது சலிப்பாக இருக்கிறது.

8இல் அது வேண்டாம் தங்கச்சி. கன்ஸ்ட்ரக்டரின் அடைப்புக்குறிக்குள்ளேயே பெயருக்கு முன்னால் பப்ளிக் அல்லது பிரைவேட் போட்டால் ப்ராபர்ட்டியும் உருவாகும், மதிப்பும் ஏறும்.

பதுளை: ஜாவாபோல் இரண்டு கன்ஸ்ட்ரக்டர் வைக்கலாமா?

முடியாது. எக்ஸெல் வரியிலிருந்து உருவாக்க வேண்டுமானால் ஒரு ஸ்டாட்டிக் ஃபங்ஷன் (ஆப்ஜெக்ட் இல்லாமலே கூப்பிடக்கூடியது) எழுதி, அதற்குள் நியூ போட்டுத் திருப்பிக் கொடுங்கள். எனக்கு இதுதான் பிடிக்கும். பெயரைப் பார்த்தாலே வேலை புரியும்.

நுவரெலியா: சைல்டு கிளாஸில் கன்ஸ்ட்ரக்டர் எழுதினால் பேரன்டுடையது ஓடுமா?

தானாக ஓடாது. நீங்கள்தான் கூப்பிட வேண்டும். சைல்டில் எழுதாவிட்டால் மட்டும் பேரன்டுடையது வரும்.

ஹட்டன்: டேட்டாபேஸ் கனெக்ஷனை உள்ளேயே திறந்துகொள்ளலாமா?

வேண்டாம் தம்பி. வெளியே திறந்து உள்ளே கொடுங்கள். இல்லாவிட்டால் மழைக்கு லைன் போன நாளில் கிலோ கூட்டும் ஃபங்ஷனைக்கூட டெஸ்ட் பண்ண முடியாது.