குடியிருப்போர் நலச் சங்கத்தால் ஒரு பகுதி உண்மையிலேயே மேம்படுமா?

கேள்வி: எங்கள் நகரில் குடியிருப்போர் நலச் சங்கம் தொடங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இதனால் பகுதிக்கு ஏதாவது நடக்குமா? எதிலிருந்து தொடங்குவது?

நடக்கும். எங்கள் பகுதியில் நடந்திருக்கிறது. ஆனால் தொடங்கிய முதல் சில வருடங்களில் எங்கள் சங்கமே எங்கள் பகுதியின் ஒரு பாதிக்குக் கெடுதல் செய்தது. அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படாது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சென்னைக்குத் தெற்கே ஒரு புறநகர் எங்களுடையது. இப்போது செங்கல்பட்டு மாவட்டம், அப்போது காஞ்சிபுரம். ஐந்து தெரு, 180 வீடு. 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழை நினைவிருக்கும். தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர். எங்கள் வீட்டில் தண்ணீர் சமையல் மேடையைத் தொட்டது. மூன்று நாள் மொட்டை மாடியில், ஐந்து குடும்பத்துக்கு ஒரே அடுப்பு. பத்து வருடமாக எதிர்வீட்டில் இருந்தவரின் பெயர் எனக்கு அந்த மாடியில்தான் தெரிந்தது. வடிந்ததும், பொங்கல் முடிந்த கையோடு சங்கம் வைத்தோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் வேலை முடிந்துவிடும். அதில் பெரிய சிரமம் இல்லை.

முதல் தீர்மானம் என்ன தெரியுமா? "சாலையை உயர்த்திப் போட்டுத் தர வேண்டும்." வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்? மனு மேல் மனு. 2018இல் போட்டார்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டி, அரை அடிக்கு மேல் உயர்ந்தது. முன்பக்க மூன்று தெருவிலும் அந்த மழைக்குத் தண்ணீர் நிற்கவில்லை. சங்கத்தின் முதல் வெற்றி என்று எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தோம். எங்கள் வாசலில் நின்ற தண்ணீர் எங்கே போனது என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கேட்டவர் இஸ்திரி அக்கா. ஐந்தாம் தெருவில் வாடகைக்கு இருக்கிறார். மெயின் ரோடு முனையில் புங்க மரத்தடியில் அவருடைய வண்டி பதினோரு வருடமாக நிற்கிறது. ஐப்பசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செயலாளர் வீட்டு மாடியில் கூட்டம். தேய்த்த துணியைக் கொடுக்க மேலே வந்தவர், கடைசிப் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். மூட்டையைக் கீழே வைக்கவில்லை. "ஐயா, ரோடு நல்லாத்தான் போட்டிருக்கீங்க. உங்க வாசல்ல நின்ன தண்ணியெல்லாம் இப்ப எங்க வீட்டுக்குள்ளதான் வருது. ரெண்டு கரி மூட்டை நனைஞ்சு போச்சு. முன்னாடி ரோட்டுக்கு அடியில இருக்கற கல்வெட்டு வழியா ஓடிரும். இப்ப அதுல ஓட்டையே இல்லையே?"

ஒருவர் கேட்டார்: "நீங்க சங்கத்துல மெம்பராம்மா?"

இல்லை. இருக்கவும் முடியாது. சொந்த வீடு வைத்திருப்பவர்தான் உறுப்பினர் என்று நாங்கள்தான் விதியில் எழுதியிருந்தோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். "எந்தக் கல்வெட்டும்மா? வா, காட்டு."

டார்ச்சோடு ஆறு பேர் போனோம். மெயின் ரோட்டுக்கு அடியில் மூன்றடி விட்டத்தில் சிமென்ட் குழாய். வாயிலிருந்து உள்ளே கையெட்டும் தூரம் வரை உடைந்த செங்கல், டைல்ஸ் துண்டு, சிமென்ட் சாக்கு. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் குழாய் முடிகிற இடத்தில் ஒரு காம்பவுண்டுச் சுவர். மூன்று வருடம் மாதம் தவறாமல் கூட்டம் போட்டிருக்கிறோம். அந்தக் குழாய் அங்கே இருப்பது எங்களுக்குத் தெரியாது. தினமும் அதற்கு எதிரே நிற்பவருக்குத் தெரியும்.

அடுத்த வாரம் அந்த இடத்தின் புல எண்ணுக்கு (சர்வே நம்பர்) வருவாய்த் துறையின் புல வரைபடத்தை எடுத்தோம். இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். அதில் எங்கள் மனைப்பிரிவின் ஓரமாக ஒரு வாய்க்கால் கிளம்பி, மெயின் ரோட்டைக் கடந்து, ஏரிக்குப் போகிறது. 'வாய்க்கால் புறம்போக்கு' என்று பதிவேட்டில் எழுதியே இருக்கிறது. எங்கள் நகரே பழைய வயல் மேல் உருவானது. தண்ணீர் போகப் பாதை இல்லாமல் எந்தக் காலத்தில் வயல் இருந்திருக்கிறது?

அதன்பிறகு நாங்கள் கொடுத்த மனுவே வேறு மாதிரி. "சாலையை உயர்த்துங்கள்" என்பது போய், "இந்தப் புல எண்ணில் உள்ள வாய்க்காலை அளந்து தாருங்கள், இந்தக் கல்வெட்டைத் தூர்வாருங்கள்" என்று எழுதினோம். வரைபட நகல், போட்டோ, தெருவாரியாகத் தண்ணீர் நின்ற உயரம், எல்லாம் இணைத்தோம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம். பதில் வராதபோது பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். எந்த மேசையில் கோப்பு நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அடைப்பெடுக்க ஒன்றரை வருடம் ஆனது. குழாயை எடுத்துவிட்டுப் பெட்டிக் கல்வெட்டு கட்ட இன்னும் இரண்டு வருடம். சுவர் கட்டியவர் அளந்து கல் நட்ட பிறகு தானே உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டார்.

இன்னொரு வேலையும் செய்தோம். இதைத்தான் நீங்கள் முதல் நாளே செய்ய வேண்டும் என்பேன். சிறப்புத் தீர்மானம் போட்டுச் சங்க விதியைத் திருத்தினோம். பகுதியில் குடியிருக்கும் யாரும் உறுப்பினர், வாடகைக்கு இருந்தாலும். மாடியில் நடந்த கூட்டத்தைப் புங்க மரத்தடிக்குக் கொண்டுவந்தோம். ஞாயிறு மாலையில் வைத்தால் பெண்கள் வருவதே இல்லை என்று தெரிந்து காலை பதினோரு மணிக்கு மாற்றினோம். வருகிறவர்கள் எண்ணிக்கை இரண்டு மடங்கானது பெரிதில்லை, பேச்சே மாறிவிட்டது. அதுவரை கண்காணிப்பு கேமரா, நுழைவாயில் வளைவு, பெயர்ப்பலகை என்றே பேசிக்கொண்டிருந்தோம். மரத்தடிக்கு வந்ததும் நான்காம் தெருவில் எரியாத விளக்கு, குப்பை வண்டி வராத சந்து, பள்ளிப் பிள்ளைகள் மெயின் ரோட்டைக் கடக்கும் இடம் எல்லாம் வந்தன. இவற்றில் பல, ஒரு போன்காலில் முடிகிற வேலை.

2021இல் மறுபடியும் சாலை போட வந்தார்கள். இந்த முறை ஓவர்சியர் ஐயா தயாராக இருந்தார். ஐந்து தெருவிலும் வீட்டுக்கு வீடு போய், வாசற்படியிலிருந்து சாலை எவ்வளவு கீழே இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து, கேட் தூணில் சாலை மட்டத்துக்கு வெள்ளை பெயின்டில் ஒரு கோடு போட்டு வைத்தார். என் வீட்டுத் தூணில் அந்தக் கோடு இப்போதும் இருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அந்த ஆண்டு அறிவுறுத்தியிருந்தார். அதை அச்செடுத்துக்கொண்டு போய் உதவிப் பொறியாளரைப் பார்த்தோம். சண்டை போடவில்லை. தூணில் இருக்கும் கோட்டைக் காட்டினோம். சுரண்டும் இயந்திரம் வந்தது. வேலை முடிந்து அளந்தால் கோடும் சாலையும் சரியாக இருந்தன. நீங்கள் சங்கம் தொடங்கினால், ஏதாவது ஒரு சாலை போடுவதற்கு முன் உங்கள் தூணில் இந்தக் கோட்டைப் போட்டு வையுங்கள்.

பூங்கா விஷயம் இன்னொன்று. எங்கள் நகரின் நடுவில் கட்டட மண்ணும் பழைய லாரியும் கிடந்த ஒரு காலியிடம் உண்டு. யாருடையது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகலை வாங்கிப் பார்த்தபோது அதில் 'பூங்கா' என்றிருந்தது. 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவு என்றால் சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கு நிலமாகவே விட்டு, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். உங்கள் மனைப்பிரிவிலும் இப்படி ஒரு இடம் இருக்கக்கூடும். வரைபடத்தை வாங்கிப் பாருங்கள், அந்தத் தானப்பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்றில் தேடுங்கள். பத்திரம் இருந்தால் பாதுகாப்பது சுலபம்.

அந்த இடத்தைச் சீரமைக்க 'நமக்கு நாமே' திட்டத்தில் விண்ணப்பித்தோம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும். ஒன்பது லட்சத்தில் மூன்று லட்சம் எங்கள் பங்கு. வசூலிக்க ஏழு மாதம் ஆனது. பணத்தைவிட, அங்கே என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் பெரிய தகராறு. பெரியவர்களுக்கு முழுக்கக் கல் பதித்த நடைபாதை வேண்டும். பையன்களுக்குப் பந்து விளையாட மண் தரை வேண்டும். கல் பதித்தால் மழைத்தண்ணீர் எங்கே இறங்கும் என்று கேட்டது, கல்வெட்டு விவகாரத்துக்குப் பிறகு பேசப் பழகிய ஒரு கல்லூரிப் பெண். கடைசியில் ஓரமாக மட்டும் குறுகிய நடைபாதை, நடுவில் மண், தாழ்ந்த மூலையில் தண்ணீர் இறங்க ஓர் உறைகிணறு, சுற்றிலும் வேம்பும் பூவரசும். இந்த விவாதத்தில் இரண்டு குடும்பங்கள் கோபித்துக்கொண்டு விலகியது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சங்கம் மட்டும் போதுமா என்றால், போதாது. சங்கம் நாமாக வைத்துக்கொண்டது. அதற்குச் சட்ட அதிகாரம் கிடையாது. சட்டப்படி நமக்கு உள்ள இடம் பகுதி சபை. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பெரிய நகரங்களுக்கு வார்டு குழு வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அதற்கும் அதன் கீழ் வரும் பகுதி சபைக்கும் விதிகள் வர 2022 ஆகிவிட்டது. கிராம சபை மாதிரி நகரத்தில் முதன்முதலாகப் பகுதி சபை கூடியது அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி. பம்மலில் நடந்ததில் முதலமைச்சரே கலந்துகொண்டார். வார்டு குழுவுக்குக் கவுன்சிலர் தலைவர். எங்கள் பகுதி சபைக்கு முதல் முறை போனபோது பதினைந்து பேர்கூட இல்லை. இப்போது அது கூடுவதற்கு முந்தின ஞாயிறு மரத்தடியில் உட்கார்ந்து, என்ன கேட்பது என்று மூன்றே மூன்று விஷயத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். முப்பது கேட்டால் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். மூன்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். பேசியது பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்போம்.

இன்னும் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. கல்வெட்டைத் தாண்டி ஏரி வரை வாய்க்கால் சுமார் நானூறு மீட்டர். அதில் கடைசி நூறு மீட்டர் எங்கள் பகுதியே இல்லை, பக்கத்து நகர். அங்கே தூர்ந்து கிடந்தால், நாங்கள் இங்கே திறந்துவிட்ட தண்ணீர் அவர்கள் வாசலில் நிற்கும். 2018இல் இஸ்திரி அக்காவுக்குச் செய்ததை அவர்களுக்குச் செய்ததாகிவிடும். அதனால் புரட்டாசி கடைசி ஞாயிறு, இரண்டு நகரத்துக்காரர்களும் சேர்ந்து வாய்க்கால் ஓரமாக ஏரி வரை நடப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். முன்னால் நடக்கப்போவது இஸ்திரி அக்கா. இப்போது அவர் சங்கத்தின் துணைத் தலைவர்.