‘ஸ்பீக்கரில் உங்கள் பெயர்தான் முதலில் வரும்’: பணம் கட்டலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே தையல் மெஷின் பழுது பார்க்கும் தொழில் செய்கிறேன். வாடிக்கையாளர் வீட்டுக்கே போய்ச் சரி செய்து கொடுப்பேன். எங்கள் வீட்டு ஸ்மார்ட் ஸ்பீக்கரிடம் ‘பக்கத்தில் தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர் யார்’ என்று கேட்டால் வேறு யார் பெயரையோ சொல்கிறது. ‘குரல் தேடல் பதிவு’ என்று ஒன்று இருக்கிறது, ஆண்டுச் சந்தா கட்டினால் உங்கள் பெயரே முதல் பதிலாக வரும் என்கிறார் ஓர் ஏஜென்சிக்காரர். எங்கள் ஸ்பீக்கரிலேயே செய்தும் காட்டினார். இனி எல்லோரும் வாயால்தான் தேடுவார்களாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அப்படி ஒரு பதிவே கிடையாது.

ஸ்பீக்கருக்கென்று தனியாக ஒரு பெயர்ப் பட்டியல் இல்லை. கூகுள் ஸ்பீக்கர், கூகுள் மேப்பில் இருக்கும் தொழில் விவரங்களிலிருந்து எடுத்துச் சொல்கிறது. ஆப்பிளின் குரல் உதவியான சிரி, ஆப்பிள் மேப்ஸைப் பார்க்கிறது. அமேசானின் அலெக்சா வேறு பல இடங்களிலிருந்து எடுக்கிறது; மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங் அதில் ஒன்று. கூகுளில் ‘பிசினஸ் ப்ரொஃபைல்’ என்ற பெயரில் உங்கள் தொழில் விவரத்தை நீங்களே ஏற்றலாம், காசு கிடையாது. ஆப்பிளிலும் பிங்கிலும் இதே மாதிரி இலவச வசதி உண்டு. கூகுளில் ஏற்றியதை பிங்கில் அப்படியே இழுத்துக்கொள்ளலாம், திரும்ப டைப் அடிக்க வேண்டியதில்லை.

யார் பெயர் முன்னால் வரும்? கேட்ட கேள்விக்கு உங்கள் தொழில் எவ்வளவு பொருந்துகிறது, கேட்பவரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள், உங்களை எவ்வளவு பேருக்குத் தெரிந்திருக்கிறது என்ற மூன்றையும் பார்ப்பதாகக் கூகுளே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. பணம் கட்டி இந்த வரிசையில் மேலே வர வழியில்லை என்றும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறது. கூகுளே விற்காத ஒன்றை உங்கள் ஏஜென்சிக்காரர் எங்கிருந்து வாங்கி விற்கிறார் என்று அவரிடமே கேளுங்கள்.

‘செய்தும் காட்டினார்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன். இதை இரண்டு விதமாகச் செய்யலாம். முதல் விதம் சாதுவானது. ‘தையல் மெஷின் ரிப்பேர் யார்’ என்று கேட்காமல், உங்கள் தொழிலின் முழுப் பெயரைச் சொல்லிக் கேட்பார். பெயரைச் சொல்லிக் கேட்டால் பெயர்தான் வரும். இதில் என்ன வித்தை?

இரண்டாவது விதத்துக்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ஸ்பீக்கரின் ஆப்பில் ரொட்டீன் என்று ஒரு வசதி இருக்கிறது. நான் ‘குட் நைட்’ என்றால் விளக்கை அணைத்துவிடு என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம் அல்லவா, அதுதான். அதே வசதியில், ‘இந்தக் கேள்வியைக் கேட்டால் இந்த வாக்கியத்தைச் சொல்’ என்றும் எழுதி வைக்க முடியும். உங்கள் போனை இரண்டு நிமிடம் வாங்கி, கேள்வியாக ‘தையல் மெஷின் ரிப்பேர் யார்’ என்றும் பதிலாக உங்கள் பெயரையும் போட்டுவிட்டால் முடிந்தது. ஸ்பீக்கர் கணீரென்று உங்கள் பெயரைச் சொல்லும், உங்கள் வீட்டில் மட்டும். பக்கத்து வீட்டு ஸ்பீக்கருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு சிறு தொழில்காரர் இந்த நாடகத்தை நம்பிப் பணம் கட்டிவிட்டு என்னிடம் வந்திருக்கிறார். ரொட்டீனைத் திறந்து காட்டியபோதும் அவருக்கு நம்ப மனம் வரவில்லை.

இன்றே ஆப்பைத் திறந்து ரொட்டீன் பகுதியைப் பாருங்கள். நீங்கள் வைக்காதது ஏதாவது இருந்தால் நீக்குங்கள். அந்த ஏஜென்சிக்காரர் கையில் போனைக் கொடுத்திருந்தாலோ, லாகின் சொல்லியிருந்தாலோ பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, கணக்கில் தெரியாத சாதனம் எதுவும் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்பீக்கரின் கணக்கை லேசாக நினைக்காதீர்கள். அலெக்சா போன்றவற்றில், நீங்கள் பேசிய குரலையே ஆப்பில் திரும்பப் போட்டுக் கேட்கலாம். நீங்களாக அழிக்காவிட்டால் அது அங்கேயே கிடக்கும். ஸ்பீக்கர் நம் பேச்சை ஒட்டுக்கேட்கிறதா என்று கவலைப்படுகிறவர்கள், அந்தக் கணக்கின் சாவியை மட்டும் வாசலில் வந்தவரிடம் நீட்டிவிடுகிறார்கள்!

சந்தாப் பணம் போனால் ஓராண்டோடு போயிற்று. நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. ‘நானே பிசினஸ் ப்ரொஃபைல் ஆரம்பித்துத் தருகிறேன், போனுக்கு ஒரு எண் வரும், அதை மட்டும் சொல்லுங்கள்’ என்பார்கள். அந்த எண்ணைச் சொன்னால், உங்கள் தொழிலின் ப்ரொஃபைல் அவருடைய கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். சட்டப்படி தொழில் உங்களுடையது, இணையத்தில் அதன் உரிமையாளர் அவர். அடுத்த ஆண்டு நீங்கள் சந்தா கட்ட மறுத்தால் அவர் போன் நம்பரை மாற்றலாம், ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று போட்டுவிடலாம். மீட்கக் கூகுளிடம் உரிமைக் கோரிக்கை வைக்க வேண்டும். அதுவும் முதலில் யாருக்குப் போகும்? இப்போது உரிமையாளராக உட்கார்ந்திருக்கும் அதே ஆளுக்கு!

எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். ப்ரொஃபைலை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கையால் தொடங்குங்கள். யாருடைய உதவியாவது வேண்டுமென்றால் அவரை ‘மேனேஜர்’ என்று மட்டும் சேருங்கள். பிடிக்காதபோது நீக்கிவிடலாம். ‘ஓனர்’ என்று ஒருபோதும் சேர்க்காதீர்கள், உறவினராகவே இருந்தாலும்.

பொதுவாக நான், முகவரியைக் கதவு எண் வரை துல்லியமாகப் போடுங்கள் என்பேன். உங்களுக்கு அது பொருந்தாது. நீங்கள் வீட்டிலிருந்து வேலை செய்கிறீர்கள், வாடிக்கையாளர் உங்களிடம் வருவதில்லை. முகவரியை அப்படியே விட்டால் உங்கள் வீட்டுக் கதவு எண்ணை ஸ்பீக்கர் கேட்டவர்க்கெல்லாம் வாசிக்கும். ஆகவே ப்ரொஃபைலில் முகவரி காட்டும் இடத்தை அணைத்துவிட்டு, ‘சேவை செய்யும் பகுதி’ என்ற இடத்தில் நீங்கள் போய் வரும் பகுதிகளின் பெயரைக் கொடுங்கள். 20 பகுதிகள் வரை சேர்க்கலாம். முகவரியைக் காட்டாவிட்டாலும் கூகுளிடம் உண்மை முகவரியைத் தரத்தான் வேண்டும், சரிபார்ப்பதற்கு. தபால் பெட்டி எண் செல்லாது. தெரிந்தவர் கடையின் முகவரியைக் கடன் வாங்கிப் போட்டுவிடலாம் என்று யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். பிடிபட்டால் ப்ரொஃபைலே முடங்கும். மெஷினைக் கொண்டுவந்து கொடுக்கும் வாடிக்கையாளரும் சிலர் இருக்கிறார்கள் என்றால் முகவரி, பகுதி இரண்டையும் வைக்கலாம். ஆனால் அப்போது வெளியே பெயர்ப் பலகை இருக்க வேண்டும், அறிவித்த நேரத்தில் ஆள் இருக்க வேண்டும். அது உங்கள் வீட்டுக்குத் தோதா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரிபார்ப்பு என்றேன். பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். தெருப் பெயர் தெரிய வேண்டும், உங்கள் ஸ்க்ரூடிரைவர், எண்ணெய்க் குப்பி, கழற்றி வைத்த மெஷின் எல்லாம் தெரிய வேண்டும், தொழில் உங்கள் கையில்தான் இருக்கிறது என்பதற்கு ஏதாவது சான்றும் காட்ட வேண்டும். எல்லாம் காட்டினாலும் சில சமயம் ‘ஏற்கவில்லை’ என்று ஒற்றை வரி வரும். ஏன் என்று சொல்ல மாட்டார்கள், கேட்கவும் மனிதர் யாரும் அகப்பட மாட்டார். உலகத்துக்கே பதில் சொல்லும் நிறுவனத்திடம் நமக்கு ஒரு பதில் வாங்குவது இவ்வளவு பாடு. இந்த இடைத்தரகர்கள் பிழைப்பதே இதனால்தான். இருந்தாலும் திரும்ப எடுத்து அனுப்புங்கள், இரண்டாம் தடவையில் நடந்துவிடுவது உண்டு.

அப்புறம், ‘இனி எல்லோரும் வாயால்தான் தேடுவார்கள்’ என்பது. 2020-க்குள் பாதித் தேடல் குரலில் நடக்கும் என்ற கணக்கைத்தான் இந்த ஆட்கள் வருடக்கணக்காகச் சுமந்து திரிகிறார்கள். அந்தக் கணக்கு பிறந்த இடம், 2014-ல் சீனாவின் பைடு தேடல் நிறுவனத்தில் இருந்த ஆண்ட்ரூ இங் ஒரு பேட்டியில் சொன்னது: ஐந்தாண்டில் குறைந்தது பாதித் தேடல்கள் பேச்சு அல்லது படம் வழியாக நடக்கும் என்றார். அது ஒருவரின் கணிப்பு, அதில் படமும் சேர்ந்திருந்தது. வாய் மாறி வாய் வந்ததில் படம் உதிர்ந்துவிட்டது, கணிப்பு புள்ளிவிவரமாகிவிட்டது.

கூகுளின் குரல் உதவியான அசிஸ்டன்ட்டுக்காகத் தனி ‘குரல் ஆப்’ செய்து தருகிறோம் என்றும் ஒரு காலத்தில் நிறைய விற்றார்கள். 2023 ஜூனில் கூகுள் அந்த வசதியையே மூடிவிட்டது. கட்டிய பணத்தை யாரும் திருப்பித் தந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இப்போது ஸ்பீக்கர்கள் மாறிக்கொண்டிருப்பது உண்மைதான். அமேசான் 2025 பிப்ரவரியில் அலெக்சாவின் ஏஐ வடிவமான அலெக்சா பிளஸ்ஸை அறிவித்தது. கூகுள் தன் ஸ்பீக்கர்களில் அசிஸ்டன்ட் இருந்த இடத்தில் ஜெமினி என்ற தன் ஏஐயைக் கொண்டுவருகிறது. இவை ஒரு பெயரைச் சொல்லி நிறுத்தாமல், உரையாடலாகப் பேசிப் பதில் தருபவை. உங்கள் ஆள் அடுத்த முறை ‘ஏஐ தேடல் பதிவு’ என்ற புதுச் சந்தாவோடு வருவார், பாருங்கள்.

அந்தப் பணத்துக்குப் பதில் ஒரு காரியம் செய்யுங்கள். மெஷினைச் சரி செய்து கொடுத்தவர்களிடம், எந்த மெஷின், என்ன பழுது என்று இரண்டு வரி விமர்சனம் எழுதச் சொல்லுங்கள். ‘பாபின் சிக்கிக்கொண்டே இருந்தது, வீட்டுக்கே வந்து சரி செய்தார்’ என்று ஒருவர் எழுதினால், பாபின் சிக்கிக்கொண்டு தேடும் இன்னொருவருக்கு உங்களைக் காட்ட ஒரு காரணம் கிடைக்கும். விமர்சனத்துக்காகத் தள்ளுபடி எதுவும் தராதீர்கள், கூகுள் விதிப்படி அது கூடாது. ப்ரொஃபைலில் இருக்கும் நேரத்தையும் போன் நம்பரையும் மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள். யார் வேண்டுமானாலும் ‘திருத்தம்’ என்று ஒன்றை அனுப்பலாம், அது சில சமயம் நீங்கள் கவனிக்கும் முன்பே ஏறிவிடுகிறது.