மறு: அனுமதியை நீக்கியும் களஞ்சிய எழுதுநரால் நெல் வரவை உறுதிசெய்ய முடிகிறது

வணக்கம். சம்மாந்துறையிலுள்ள தங்கள் அரிசி ஆலையில் ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற வணிக முகாமை மென்பொருளைப் பயன்படுத்துவதாகவும், ‘ஸ்டாக் யூசர்’ வகிபாகத்திலிருந்து (பயனருக்குக் கொடுக்கும் உரிமைகளின் தொகுப்பு) சப்மிட் உரிமையை, அதாவது பதிவை உறுதிசெய்யும் உரிமையை, எடுத்த பின்னரும் எழுதுநர் நெல் வரவுகளைச் சப்மிட் செய்வதாகவும் எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் அவரிடம் இன்னொரு வகிபாகமும் இருக்கும். இம்மென்பொருளில் வகிபாகங்களின் உரிமைகள் ஒன்றோடொன்று கூடுமே தவிர, ஒன்றில் எடுத்தது மற்றொன்றில் கொடுத்ததை இரத்துச் செய்யாது. முகாமையாளர் விடுமுறையில் சென்றபோது கொடுத்த ‘ஸ்டாக் மேனேஜர்’ வகிபாகம் இன்னும் அவர் கணக்கில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்போக அறுவடை நெருக்கடியில் கொடுப்பதைத் திரும்ப எடுக்க எவருக்கும் நினைவிருப்பதில்லை.

அக்கரைப்பற்றுக் களஞ்சியத்தின் இருப்பை எழுதுநர் பார்க்கக்கூடாது என்று நீங்கள் கேட்டிருந்தது வேறு விடயம். வகிபாகம் எவ்வகை ஆவணத்தில் என்ன செய்யலாம் என்பதையே தீர்மானிக்கும். எந்தக் களஞ்சியம் என்பதை ‘யூசர் பெர்மிஷன்’ மூலம் தனியே வரையறுக்க வேண்டும். களஞ்சியப் புலம் வெறுமையாக உள்ள பதிவுகள் அப்போதும் தென்படும் என்பதால், சிஸ்டம் செட்டிங்ஸில் கண்டிப்பான பயனர் அனுமதியையும் இயக்கிவிடுங்கள்.

மாற்றங்களை அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கிலிருந்து சோதிக்க வேண்டாம்; அக்கணக்கை எந்தத் தடையும் கட்டுப்படுத்தாது. நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று: வழங்குநரைப் புதிதாகப் பதிபவரும் அவருக்கான கொடுப்பனவை உறுதிசெய்பவரும் ஒருவராக இருப்பது, இருப்பைப் பார்ப்பதைவிடப் பன்மடங்கு ஆபத்தானது.